இன்லைன் டீசல் பம்பைத் திரும்ப மாட்டி டைமிங் பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

கேலிப்ரேஷன் (பெஞ்சில் வைத்து டீசல் அளவைச் சரிசெய்வது) முடிந்து வந்த டீசல் பம்பை எஞ்சினில் மாட்டுவது மூன்று நட்டு, நாலு பைப்பு வேலை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். புதிதாக வேலை பழகுகிற பையன்கள் தடுமாறுவது வரிசையில். பம்பை முதலில் உட்காரவைத்து நட்டை முறுக்கிவிட்டு, அப்புறம் ஒன்றாம் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று தேடுகிறார்கள். எஞ்சின் முதலில் தன் இடத்தில் நிற்க வேண்டும். பம்பு அதைத் தேடி வர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

இங்கே சொல்வது டிராக்டர், ஜெனரேட்டர், ரைஸ்மில் எஞ்சின்களில் வரும் இன்லைன் பம்புக்கு. 3 அல்லது 4 எலிமென்ட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் தள்ளும் பிளஞ்சர்-பேரல் சோடி) உள்ளது, டைமிங் கேசில் ஃபிளாஞ்சால் நிற்பது. ரோட்டரி பம்பிலும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினிலும் என்ன மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தகவல். எஞ்சினின் ஸ்டாட்டிக் டைமிங் (பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு எவ்வளவு முன்பே பம்பு டீசல் தள்ளத் தொடங்க வேண்டும் என்பது) எத்தனை டிகிரி, ஃபயரிங் ஆர்டர் என்ன, ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம், எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது. இந்த நான்கையும் கம்பெனி மேனுவலிலோ எஞ்சின் தகட்டிலோ பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "இந்த வண்டிக்கெல்லாம் இருபதுதான்" என்று வாய்வழியாக வரும் அளவை நம்ப வேண்டாம். ஒரே டிராக்டரில்கூட பம்பு மாடல் மாறினால் டிகிரி மாறும்.

பம்பின் தகட்டையும் படியுங்கள். அதில் உள்ள எழுத்துகளில் ஆர் என்பது வலச்சுற்று, எல் என்பது இடச்சுற்று. கியர் மாட்டும் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வது இது. பம்பு மாற்றி வாங்கும்போது இதைப் பார்க்காமல் வாங்கி வந்து மாட்டினால், அதன் பிறகு எந்தத் திருத்தமும் பலிக்காது.

பொருள்கள்: புது காப்பர் வாஷர்கள், ஃபிளாஞ்சுக்குப் புது ஓ-ரிங் அல்லது பேக்கிங், புது டீசல் ஃபில்டர்கள், வடிகட்டிய டீசல் ஓரிரு லிட்டர், எஞ்சின் ஆயில், டார்க் ரெஞ்ச், 17, 19 ரிங் ஸ்பானர்கள், ஸ்பில் பார்க்க (டீசல் ஓட்டம் நிற்கும் இடத்தை வைத்து டைமிங் பிடிக்க) வளைந்த சின்னப் பைப்பு, டார்ச், சின்னக் கண்ணாடி, வெள்ளை பெயின்ட் மார்க்கர். துடைக்க நூல் பிரியாத துணி. பனியன் வேஸ்ட் மற்ற வேலைக்கெல்லாம் நல்லதுதான், ஆனால் பம்பின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். எலிமென்டில் பிளஞ்சருக்கும் (மேலும் கீழும் ஓடும் தண்டு) பேரலுக்கும் (அது ஓடும் உறை) நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். பம்புக்குள் ஒரு நூல் இழை போனால் டெலிவரி வால்வு (டீசலைப் பைப்புக்கு விட்டு, திரும்பாமல் மூடும் வால்வு) மூடாது, ஒரு மணல் துகள் போனால் பிளஞ்சர் கீறும்.

கேலிப்ரேஷன் காரைக்குடியில் நடந்தாலும் மதுரையில் நடந்தாலும் பம்பை வாங்கும்போதே மூன்றைப் பாருங்கள். எல்லா வாய்க்கும் மூடி இருக்கிறதா, ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) தடையில்லாமல் ஓடுகிறதா, ஸ்டாப் லீவர் இழுத்துவிட்டால் தானாகத் திரும்புகிறதா. பம்பைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்புவது நம் ஊர்ப் பக்கம் வழக்கம். மூடியில்லாமல் அப்படி வந்த பம்பை மாட்டவே கூடாது. சாக்கின் சணல் தூள் முழுக்க இன்லெட்டில்தான் இருக்கும். திருப்பிக் கொடுத்துக் கழுவி வாங்குங்கள்.

2. தொட்டியிலிருந்து பம்பு வரை சுத்தம்

பழைய பம்பு ஏன் கெட்டது என்று கேட்காமல் புதிதாகச் செய்த பம்பை மாட்டினால், அதே காரணம் இதையும் கெடுக்கும். பெரும்பாலும் காரணம் தண்ணீர். கண்மாய்ப் பாசன வயல்களில் உழவு நேரத்துக்கு டீசலைக் கேனிலும் டிரம்மிலும் வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் டிரம் வெளியே கிடந்தால் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கும். அது தொட்டியின் அடியில் தங்கி, அப்படியே பம்புக்கு வந்து எலிமென்டைத் துரு ஏற்றிவிடும்.

அதனால் தொட்டியின் டிரெயினைத் திறந்து அடியில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், தொட்டியை முழுக்க இறக்கிக் கழுவுங்கள். லைனைக் காற்றால் ஊதுங்கள். ஃபில்டர் கிண்ணங்களைக் கழுவி, புது ஃபில்டர் எலிமென்டும் புது ரப்பர் வாஷரும் போடுங்கள். ஃபீட் பம்பில் (தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்பு) உள்ள சின்ன ஜாலியையும் கழற்றிப் பாருங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சினின் பம்பு பக்கத்தைப் பிரஷ் வைத்துக் கழுவி உலரவிடுங்கள். செட்டிநாட்டுச் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும். பைப்பு நட்டைத் திருகும்போது அது உதிர்ந்து நேரே வாய்க்குள் விழும். வயலிலேயே மாட்ட வேண்டிய நிலை வந்தால், காற்று அடங்கும் காலை நேரத்தில், தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொண்டு செய்யுங்கள். பக்கத்து வயலில் உழவு ஓடும்போது பம்பைத் திறக்காதீர்கள்.

3. ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் நிறுத்துதல்

ராக்கர் கவரைக் கழற்றுங்கள். நாசில்களைக் கழற்றியிருந்தால் எஞ்சின் கையால் லேசாகச் சுற்றும். கிராங்க் புல்லி போல்ட்டில் ரிங் ஸ்பானர் போட்டுத்தான் சுற்ற வேண்டும். ஃபேனைப் பிடித்துச் சுற்றினால் பெல்ட் நழுவி, நின்ற இடம் கொஞ்சம் பின்வாங்கும்.

எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். ஒன்றாம் சிலிண்டரின் இன்லெட் வால்வு திறந்து மூடுவதைக் கண்ணால் பாருங்கள். அது மூடிய பிறகு பிஸ்டன் மேலே வரும் பயணம்தான் கம்ப்ரஷன். அந்த நேரத்தில் இரண்டு ராக்கரிலும் கையால் அசைத்தால் டேப்பெட் ஆட்டம் தெரியும்.

பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறை. ஒன்று கம்ப்ரஷன் முடிவில், மற்றொன்று எக்ஸாஸ்ட் முடிவில். இரண்டிலும் ஃப்ளைவீல் குறி ஒரே இடத்தில்தான் நிற்கும். எக்ஸாஸ்ட் முடிவில் நிறுத்திவிட்டுப் பம்பை மாட்டினால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது, வெறும் வெள்ளைப் புகைதான் வரும். பையன்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். 4 சிலிண்டரில், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்றால், ஒன்று கம்ப்ரஷனில் இருக்கும்போது நான்கின் இரண்டு வால்வும் ஒன்று மூட, ஒன்று திறக்க ஆடிக்கொண்டிருக்கும். அதை வைத்து உறுதி செய்யலாம். 3 சிலிண்டரில் அப்படிச் சோடி கிடையாது. ஒன்றாம் சிலிண்டரின் ராக்கரை மட்டும்தான் நம்ப வேண்டும்.

இப்போது நிறுத்த வேண்டியது மேல்முனையில் அல்ல, டீசல் பாயத் தொடங்கும் டிகிரியில். ஃப்ளைவீல் ஜன்னலில் அந்த டிகிரிக் குறி இருந்தால் நேரே அங்கே நிறுத்துங்கள். மேல்முனைக் குறி மட்டும் இருந்தால் கணக்குப் போட்டுக் குறி வைக்கலாம். ஃப்ளைவீல் விளிம்பின் சுற்றளவை டேப்பால் அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ என்று வரும். சுற்றளவு 1260 மி.மீ என்றால் ஒரு டிகிரி 3.5 மி.மீ; 20 டிகிரிக்கு 70 மி.மீ. மேல்முனைக் குறி வந்து சேர்வதற்கு முன்பாகவே ஜன்னலைக் கடக்கும் பக்கத்தில் இந்த 70 மி.மீ-ஐ அளந்து கோடு போடுங்கள். பக்கம் மாறிப் போட்டால் 40 டிகிரி தப்பு.

புல்லியில் உள்ள குறியை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். ரப்பர் வைத்த புல்லியில் வெளி வளையம் நழுவியிருந்தால் குறியும் அதோடு நகர்ந்திருக்கும்.

குறியைத் தாண்டிப் போய்விட்டால் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னால் போய், மறுபடி ஓடும் திசையிலேயே வந்து நிறுத்துங்கள். கியர்ப் பற்களுக்கு நடுவே இருக்கும் ஆட்டம் ஒரு பக்கமாக ஒதுங்க இதுதான் வழி.

4. பம்பைத் தயார் செய்தல்

முதலில் ஆயில். பம்பின் கேம் ஷாஃப்டும் கவர்னரும் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) சில பம்புகளில் எஞ்சின் ஆயிலில் ஓடும். சிலவற்றில் தனி ஆயில். எதுவானாலும் கேலிப்ரேஷன் முடிந்து வரும் பம்பு காலியாகத்தான் வரும். மாட்டும் முன்பே லெவல் பிளக் வரை எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். எஞ்சினிலிருந்து ஆயில் வரும் பம்பாக இருந்தாலும் முதல் சில நிமிடத்துக்கு உள்ளே ஆயில் வேண்டும். உலர்ந்த கேமில் ஒரு நிமிடம் ஓடினாலே ரோலர் டேப்பெட் கீறிவிடும்.

கியரை ஷாஃப்டில் மாட்டும்போது டேப்பர் (கூம்பாகச் சரிந்த பகுதி) இரண்டையும் கிரீஸ் இல்லாமல் துடைத்து உலரவையுங்கள். கியரைப் பிடித்து நிற்பது டேப்பரின் இறுக்கம்தான். அரைவட்டக் கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். டேப்பரில் எண்ணெய் இருந்தாலோ நட்டு சரியாக இறுகாவிட்டாலோ பாரம் முழுக்கக் கீயில் விழுந்து அது வெட்டுப்படும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் டைமிங் நழுவும். நட்டை மேனுவல் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, லாக் வாஷரை மடித்துவிடுங்கள்.

அப்புறம் பம்பை அதன் சுற்றும் திசையில் கையால் சுற்றி, ஒன்றாம் எலிமென்ட் டீசல் தள்ளத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இன்லைன் பம்பில் ஒன்றாம் எலிமென்ட் கியர் பக்கத்தில் இருப்பது. பம்பின் முகப்பிலும் கியர் ஹப்பிலும் அதற்கான கோடு வெட்டியிருப்பார்கள்.

5. பம்பை உட்காரவைத்தல்

ஃபிளாஞ்சின் மூன்று நீள் துளைகளின் நடுவில் ஸ்டட் வரும்படி பிடியுங்கள். இரண்டு பக்கமும் நகர்த்த இடம் இருந்தால்தான் பிறகு டைமிங் திருத்த முடியும்.

பம்பு கியரில் உள்ள குறியும் ஐட்லர் கியரில் (பம்பு கியரைச் சுற்றவைக்கும் இடைக் கியர்) உள்ள குறியும் சேர வேண்டும். பற்கள் சாய்வாக வெட்டிய கியர் உள்ளே போகும்போதே கொஞ்சம் சுற்றும். அதனால் குறி நேராக வைத்துத் தள்ளினால், உட்கார்ந்த பிறகு ஒரு பல் தள்ளி நிற்கும். கொஞ்சம் எதிர்ப்பக்கம் சுற்றிவைத்துத் தள்ளுங்கள். இரண்டொரு தடவை இழுத்துப் பார்த்தால் கை பழகிவிடும்.

பம்பு முழுக்க உட்காரவில்லை என்றால் நட்டை முறுக்கி இழுத்து உட்காரவைக்காதீர்கள். பல் பல்லின் மேல் நிற்கிறது என்று அர்த்தம். முறுக்கினால் அலுமினிய ஃபிளாஞ்சின் காது உடையும். ஓ-ரிங்கில் ஆயில் தடவி, கையால் அசைத்தே கடைசி வரை போக வேண்டும். பிறகு மூன்று நட்டையும் விரலால் மட்டும் முறுக்கி விடுங்கள். பின்பக்கத் தாங்கியை இப்போது இறுக்க வேண்டாம்.

எஞ்சினைப் பிறகு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஐட்லர் குறி சேரவில்லையே என்று பயப்படுபவர்கள் உண்டு. ஐட்லரின் பல் எண்ணிக்கை வேறு என்பதால், எல்லாக் குறியும் மறுபடி ஒன்றாகச் சேரப் பல சுற்றுகள் ஆகும். மாட்டும் நேரத்தில் சேர்ந்திருந்தால் போதும்.

ஒரு பல் தள்ளிப்போனால் எவ்வளவு தப்பு வரும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பம்பு கியரில் 60 பல் இருந்தால் ஒரு பல் என்பது பம்பில் 6 டிகிரி. பம்பு ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதால், கிராங்கில் அது 12 டிகிரி. நீள் துளையின் ஓரம் வரை பம்பை நகர்த்தியும் டைமிங் கிடைக்கவில்லை என்றால் அங்கே போராட வேண்டாம். பம்பைக் கழற்றி ஒரு பல் மாற்றிப் போடுங்கள்.

6. லோ பிரஷர் பக்கம் ஏர் எடுத்தல்

இன்லெட், ரிட்டர்ன் பைப்புகளைப் புது காப்பர் வாஷரோடு மாட்டுங்கள். ரிட்டர்ன் பக்கத்து போல்ட்டில் ஓவர்ஃப்ளோ வால்வு இருக்கும். இன்லெட் போல்ட் வெறும் துளை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. மாற்றிப் போட்டால் டீசல் உள்ளே வராது, எவ்வளவு கைபம்பு அடித்தாலும் எஞ்சின் பிடிக்காது. ஊதிப் பார்த்தால் எது எது என்று உடனே தெரியும்.

ஏர் எடுப்பது தொட்டியிலிருந்து பம்பு நோக்கித்தான். முதல் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைபம்பு அடியுங்கள். குமிழி நின்று டீசல் தெளிவாக வந்ததும், அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இரண்டாம் ஃபில்டர், கடைசியாகப் பம்பின் ஸ்க்ரூ. பம்பிலிருந்து தொடங்கினால் பின்னால் உள்ள காற்று மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும்.

7. ஸ்பில் முறையில் டைமிங் பிடித்தல்

குறிகள் சேர்ந்துவிட்டால் போதும் என்று இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹப்பை யாரோ மாற்றியிருக்கலாம், கியர் தேய்ந்திருக்கலாம், எலிமென்ட் அளவைக் கேலிப்ரேஷனில் திருத்தியிருக்கலாம். டீசல் எப்போது புறப்படுகிறது என்பதை டீசலை வைத்தே பார்த்துவிட வேண்டும்.

ஒன்றாம் எலிமென்டின் டெலிவரி வால்வு ஹோல்டரைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்து, சுத்தமான டீசல் உள்ள கிண்ணத்தில் போட்டு மூடிவையுங்கள். வால்வின் சீட் உள்ளேயே இருக்கட்டும். வால்வும் சீட்டும் சோடியாகத் தேய்த்து உருவாக்கியவை. வேறு எலிமென்டின் வால்வோடு மாறவே கூடாது. ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டி, அதன் மேல் வளைந்த பைப்பைப் பொருத்துங்கள்.

ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஸ்டாப் நிலையில் பிளஞ்சரின் செங்குத்து வெட்டு, பேரலில் டீசல் நுழையும் துளைக்கு நேராக நிற்கும். அப்போது டீசல் ஓட்டம் எங்கேயும் நிற்காது. அரை மணி நேரம் சுற்றிவிட்டு "எலிமென்ட் போச்சு" என்று சொல்ல வைப்பது இதுதான். ஆக்சிலரேட்டர் லீவரை மேனுவலில் சொன்ன நிலையில் வையுங்கள். சில எலிமென்ட்களில் ஸ்டார்ட் நேரத்துக்கென்று தனி வெட்டு இருக்கும். ரேக் அந்த இடத்தில் நின்றால் டைமிங் தாமதமாகக் காட்டும்.

எஞ்சின் ஏற்கெனவே டிகிரிக் குறியில் நிற்கிறது. பம்பின் உடலை, அதன் ஷாஃப்ட் சுற்றும் திசையிலேயே நீள் துளையின் ஓரம் வரை திருப்பி வையுங்கள். உதவிக்கு ஒருவர் கைபம்பைச் சீராக அடிக்கட்டும், அல்லது உயரத்தில் ஒரு சின்னத் தொட்டியைத் தொங்கவிட்டு டீசலை விடுங்கள். வளைந்த பைப்பில் டீசல் கயிறாக ஓடும். பிளஞ்சர் கீழே இருக்கிறது, துளை திறந்திருக்கிறது என்பது அதன் பொருள்.

இப்போது பம்பின் உடலை ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்புங்கள். ஓட்டம் மெலியும், பிறகு சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே 10 நொடி அளவுக்கு இடைவெளி வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிளஞ்சரின் தலை துளையை மூடிய கணம் அது. அங்கிருந்துதான் டீசல் தள்ளப்படுகிறது. எதிர்த்திசையில் திருப்பச் சொல்வதற்குக் காரணம், அப்போது பம்பு கியரின் பல் எஞ்சின் தள்ளும் பக்கத்தில் சாய்ந்தே இருக்கும்; ஆட்டம் கணக்கில் புகாது.

மூன்று நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இறுக்கும்போது ஃபிளாஞ்ச் நகரும். 100 மி.மீ விட்டமுள்ள ஃபிளாஞ்சில் விளிம்பு 1 மி.மீ நகர்ந்தால் கிராங்கில் 2 டிகிரிக்கு மேல் மாறிவிடும். அதனால் எஞ்சினை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி ஓட்டம் சொட்டாகும் இடத்தைப் பிடித்து, ஃப்ளைவீல் ஜன்னலில் எந்த டிகிரி என்று படியுங்கள். குறி வந்து சேரும் முன்பே சொட்டு வந்தால் டைமிங் முந்தியிருக்கிறது. குறியைத் தாண்டி வந்தால் பிந்தியிருக்கிறது. மேனுவல் தரும் விளிம்புக்குள் வரும் வரை திருத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுற்றிக்கொண்டே போனால் நின்ற ஓட்டம் மறுபடி தொடங்கும். அது பிளஞ்சரின் சாய்வு வெட்டு துளையைத் திறக்கும் இடம், டெலிவரி முடியும் இடம். அதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு டைமிங் வைத்தால் எஞ்சின் பிடிக்காது. எப்போதும் கயிறு சொட்டாக மாறும் இடம்தான் நமக்கு வேண்டியது.

சரி, டைமிங் கிடைத்துவிட்டது. ஃபிளாஞ்சுக்கும் கேசுக்கும் குறுக்காக வெள்ளைக் கோடு ஒன்று போடுங்கள். வால்வையும் ஸ்பிரிங்கையும் டீசலில் அலசி, ஈரத்தோடே திரும்பப் போட்டு, ஹோல்டரை மேனுவல் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை பலத்தில் முறுக்கினால் பேரல் நெளிந்து பிளஞ்சர் பிடிக்கும், ரேக் சிக்கும். இறுக்கிய பிறகு ரேக்கை அசைத்துப் பாருங்கள். முன்னைவிடத் துளி கனமாக இருந்தாலும் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். பின்பக்கத் தாங்கியை இப்போது மாட்டுங்கள். அது பம்பை எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது. இடைவெளி இருந்தால் ஷிம் போட்டு நிரப்புங்கள்.

8. ஹை பிரஷர் பைப்பும் கேபிளும்

இன்லைன் பம்பில் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று பைப்பு போகும். ஃபயரிங் ஆர்டரைக் கேமே பார்த்துக்கொள்ளும். ஃபயரிங் ஆர்டர்படி பைப்பை மாற்றிப் போடுவது புதியவர்கள் செய்யும் தப்பு.

பைப்பின் இரண்டு முனை நட்டையும் விரலால் பல சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பானர் எடுக்க வேண்டும். விரலால் ஏறவில்லை என்றால் பைப்பு வளைந்திருக்கிறது. வளைத்துச் சேர்த்தால் அந்த இறுக்கத்திலேயே சில நாளில் விரிசல் விடும். பம்பு பக்கத்தில் இரண்டு ஸ்பானர் பயன்படுத்துங்கள்: ஒன்று ஹோல்டரைப் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருக. பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப்பை விட்டுவிடாதீர்கள். அதிர்வில் பைப்பு உடைவது கிளாம்ப் இல்லாத வண்டிகளில்தான். நாசில் பக்கத்து நட்டுகளை மட்டும் இப்போதைக்கு அரைச் சுற்று தளர்வாக விடுங்கள்.

ஆக்சிலரேட்டர் கம்பி முழு அளவுக்கு ஓட வேண்டும். ஸ்டாப் கேபிளை இழுத்தால் லீவர் கடைசி வரை போக வேண்டும், விட்டால் முழுக்கத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் எஞ்சின் நிற்காது, அல்லது ஸ்டார்ட் ஆகாது.

9. முதல் ஸ்டார்ட்

சாவியைத் தொடும் முன் ஒரு தட்டையான தகரத்தையோ தடித்த பலகையையோ ஏர் இன்லெட் பக்கத்தில் தயாராக வையுங்கள். ரேக் முழு டீசலில் சிக்கியிருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆன வேகத்தில் எகிறும். கவர்னரால் அடக்க முடியாது. ஸ்டாப் கேபிளும் பலிக்காத அந்த நேரத்தில் காற்றை அடைப்பதுதான் வழி. கையாலோ துணியாலோ அடைக்காதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் உள்ளே இழுத்துவிடும். டிராக்டர் நியூட்ரலில் இருக்கட்டும், கல் முட்டுக் கொடுங்கள்.

ஸ்டார்ட்டரை 15 நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், நடுவே ஓய்வு கொடுத்து அடியுங்கள். தளர்த்திய நட்டு ஒவ்வொன்றிலும் குமிழி போய், டீசல் விட்டு விட்டுத் தள்ளி வரும்போது அதை இறுக்குங்கள். இரண்டு சிலிண்டர் பிடித்தாலே எஞ்சின் ஓடத் தொடங்கும்.

கசிவு தேட விரலை வைக்காதீர்கள். இந்த எஞ்சின்களில் நாசில் திறக்கும் அழுத்தமே பெரும்பாலும் 170 முதல் 250 பார் வரை. பைப்பில் ஊசித் துளை அளவு கசிவு இருந்தாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவு. உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நடந்தால் கட்டுப் போட்டுக் காத்திருக்காமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க ஒரு அட்டையை நீட்டிப் பிடித்தால் போதும்.

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பட்டால், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் துணி மூடித் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

10. சத்தமும் புகையும் சொல்வது

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் தீர்ப்பு. குளிர்ந்த எஞ்சினில் எல்லாமே கொஞ்சம் தட்டும், கொஞ்சம் புகையும்.

சூடான பிறகும் இரும்பில் சுத்தி அடிப்பதுபோல் கடினமாகத் தட்டினால், ஸ்டார்ட் நேரத்தில் பின்னுக்கு உதைத்தால், டைமிங் முந்தியிருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், இழுவை குறைந்தால், எக்ஸாஸ்ட் அளவுக்கு மீறிச் சூடானால் பிந்தியிருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் நடத்தும் விடுதிகளில் ஜெனரேட்டர் வளவுக்குப் பின்னாலேயே இருக்கும். அங்கே கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை வந்தால் முதலில் டைமிங்கைத்தான் பார்ப்பேன். கறுப்புப் புகை என்றால் டைமிங்கைத் தொடும் முன் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பாருங்கள். புதுவயல் ரைஸ்மில் எஞ்சின்களில் தவிட்டுத் தூசி ஏர் ஃபில்டரை அடைத்துவிட்டு, பழி பம்பின் மேல் விழுவது சாதாரணம்.

திருத்த வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, பம்பு பக்கத்துப் பைப்பு நட்டுகளைத் தளர்த்திவிட்டு, ஃபிளாஞ்ச் நட்டைத் தளர்த்துங்கள். ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். வெள்ளைக் கோட்டை வைத்து அரை மி.மீ, அரை மி.மீ-ஆக நகர்த்துங்கள். மேனுவல் அளவிலிருந்து வெகுதூரம் போக வேண்டியிருந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

சீல் வைத்த டீசல் ஸ்க்ரூவைத் திறக்காதீர்கள். இழுவை கூட்டித் தரச் சொல்லி ஓனர் கேட்பார். கூடுதல் டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும்; ரிங்கும் லைனரும் தேயும்.

10 மணி நேரம் ஓடிய பிறகு ஃபிளாஞ்ச் நட்டையும் பைப்பு நட்டையும் மறுபடி இறுக்கம் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் பம்பிலிருந்து டீசல் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கக்கூடும். அப்போது ஓட்டத்தை நிறுத்தி, பம்பைக் கழற்றி, ஆயிலையும் மாற்றுங்கள்.

11. ரோட்டரி பம்பிலும் ஒற்றை சிலிண்டரிலும் மாறுவது

ரோட்டரி பம்பு உள்ளே டீசலிலேயே ஓடும். தனி ஆயில் ஊற்றுவதில்லை. அதனால் ஏர் எடுக்காமல் ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருந்தால் உலர்ந்து பிடித்துவிடும். பைப்புகள் இங்கே ஃபயரிங் ஆர்டர்படி, ரோட்டர் சுற்றும் திசையில் போகும். வாயில் உள்ள எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். பல வகைகளில் டிரைவில் ஒரு பல் மட்டும் அகலமாக இருக்கும், ஒரே நிலையில்தான் உள்ளே போகும். ஃபிளாஞ்சில் உள்ள கோட்டை எஞ்சின் கோட்டோடு சேர்ப்பதுதான் டைமிங்.

கிணற்றுப் பம்புசெட்டின் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பம்பு நேராக எஞ்சினின் டேப்பெட் மேல் உட்காரும். அங்கே திருப்புவதற்கு ஃபிளாஞ்ச் இல்லை. பம்புக்கு அடியில் உள்ள ஷிம்மை எடுத்தால் முந்தும், சேர்த்தால் பிந்தும். ஸ்பில் பார்க்கும் முறை அதேதான். பழைய ஷிம்களைக் கழற்றும்போதே எண்ணி, ஒரு கம்பியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள்.